ஜனாதிபதிக்குப் பிறகு பிரதமர். தவிசாளருக்குப் பிறகு யார்?

2024 நவம்பர் இறுதி. மழை விட்டபாடில்லை. வெல்லாவெளிப் பக்கம் வீதிக்கு மேலால் வெள்ளம் பாய்ந்துகொண்டிருந்தது. பழுகாமத்தில் உறவினர் வீட்டு விறாந்தையில் வானொலிச் செய்தி கேட்டுக்கொண்டிருந்த பெரியப்பா என்னைப் பார்த்துக் கேட்டார்: "கொழும்பே தண்ணிக்குள்ள போனா ஆரு மனே நாட்டைப் பாக்கிற?"

பகிடியாகத்தான் கேட்டார். ஆனால் பல நாடுகள் இந்தக் கேள்விக்குப் பதில் எழுதி வைத்திருக்கின்றன. அமெரிக்காவில் 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே ஜனாதிபதிக்கு அடுத்து 18 பேர் வரிசையில் இருக்கிறார்கள். ஜனாதிபதி காங்கிரசில் வருடாந்த உரை நிகழ்த்தும் நாளில் அமைச்சர் ஒருவரை வேறோர் இடத்தில் பாதுகாப்பாக வைத்திருப்பார்கள். எல்லோரும் ஒரே கூரையின் கீழ் அழிந்துவிடக்கூடாது என்ற முன்யோசனை அது.

இலங்கையில் அந்த வரிசை மிகக் குறுகியது. அரசியலமைப்பின் 40ஆம் உறுப்புரையின்படி, ஜனாதிபதி பதவி இடையில் வெற்றிடமானால் பிரதமர் பதில் கடமை பார்ப்பார். பிரதமரும் இல்லையென்றால் சபாநாயகர். ஒரு மாதத்துக்குள் பாராளுமன்றம் தனது உறுப்பினர் ஒருவரை எஞ்சிய காலத்துக்குத் தெரிவு செய்ய வேண்டும். சபாநாயகருக்கு அடுத்து யார் என்று அந்த உறுப்புரை சொல்லவில்லை.

இந்த ஏற்பாடு இரண்டு தடவை சோதிக்கப்பட்டது. 1993 மே 1 அன்று ரணசிங்க பிரேமதாச குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார். பிரதமர் டி.பி. விஜேதுங்க அன்றே பதில் ஜனாதிபதியானார். மே 7 அன்று பாராளுமன்றம் அவரையே தெரிவு செய்தது. 2022 ஜூலையில் கோட்டாபய ராஜபக்ச நாட்டைவிட்டு வெளியேறிப் பதவி விலகினார். ஜூலை 20 அன்று 134 வாக்குகளால் ரணில் விக்ரமசிங்க தெரிவானார். இரண்டு முறையும் சட்டம் வேலை செய்தது.

ஆனால் அந்த இரண்டு முறையும் பிரதமர் உயிரோடு இருந்தார், பாராளுமன்றமும் கூடக்கூடியதாக இருந்தது. 1987 ஓகஸ்ட் 18 அன்று பாராளுமன்றக் கட்டடத்தில், ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்தனவும் பிரதமர் பிரேமதாசவும் ஒரே அறையில் இருந்தபோது கைக்குண்டு வீசப்பட்டது. கீர்த்தி அபேவிக்ரம உட்பட இருவர் இறந்தார்கள். தலைவர்கள் இருவரும் தப்பியது அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தைத் திட்டம் என்று சொல்ல முடியாது.

சரி, கொழும்பு ஒரு பக்கம் இருக்கட்டும். படுவான்கரையில் வெள்ளம் வந்தால் எங்களுக்கு அரசாங்கம் என்பது யார்? கிராம உத்தியோகத்தர், பிரதேச செயலாளர், மாவட்டச் செயலாளர். இந்த வரிசை அறுவதில்லை. ஒருவர் மாற்றலாகிப் போனால் இன்னொருவர் அந்தக் கதிரைக்கு வருகிறார். அந்த மழையிலும் பெயர்ப் பதிவும் சமைத்த உணவும் இவர்கள் வழியாகத்தான் நடந்தன.

அறுந்து கிடந்தது மற்ற வரிசை. உள்ளூராட்சி சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. தேர்தல் 2025 மே 6 வரை நடக்கவில்லை. ஆகவே 2024 வெள்ளத்தின்போது போரதீவுப்பற்று பிரதேச சபைக்குத் தவிசாளர் இல்லை, உறுப்பினர் இல்லை. நிருவாகம் செயலாளர் கையில். கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டம்பரிலேயே முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு தேர்தல் இல்லை. ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநரே மாகாணத்தை நடத்துகிறார். ஆழிப்பேரலைக்குப் பின் வந்த 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் தேசிய சபையில் மாகாண முதலமைச்சர்களுக்கும் இடம் வைத்திருக்கிறது. கிழக்கிலிருந்து அந்தக் கதிரையில் இருக்க முதலமைச்சர் இல்லை.

உத்தியோகத்தர்கள் இருந்தால் போதாதா என்று கேட்கலாம். வாவி நிரம்பும்போது முகத்துவாரம் வெட்டுவதா விடுவதா என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டினால் படுவான்கரை வயல்களில் வெள்ளம் வடியும். மீன்பிடிப்பவர்களுக்கோ வாவியின் மீனும் இறாலும் கடலோடு போய்விடுமே என்ற கவலை. அது வெறும் பொறியியல் கேள்வியில்லை. யாருடைய நட்டத்தை யார் தாங்குவது என்ற கேள்வி. அதைத் தீர்மானித்தவரிடம் அடுத்த தேர்தலில் கணக்குக் கேட்க ஊருக்கு வழி இருக்க வேண்டும்.

பிரதேச சபைக்கு இப்போது தெரிவான உறுப்பினர்கள் வந்துவிட்டார்கள். ஆனால் தேர்தலைப் பிற்போட்டு அந்தக் கதிரைகளை மீண்டும் காலியாக்க முடியாதபடி எந்தத் தடையும் இன்னும் வைக்கப்படவில்லை. ஜனாதிபதி பதவிக்கு ஒரு மாதக் கெடு வைத்த நாடு, மாகாண சபையை வருடக்கணக்கில் வெறுமையாக விட்டிருக்கிறது.

பெரியப்பாவுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: கொழும்பு தாண்டால் யார் என்று எழுதியிருக்கிறது பெரியப்பா. பழுகாமம் தாண்டால் யார் என்றுதான் எழுதவில்லை.