சி, டி எனப் பிரித்தால் போதுமா?

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் ஹார்ட் டிஸ்க்கை சி, டி என்று இரண்டாகப் பிரித்து வைப்போம். காஞ்சிபுரத்தில் பட்டுச் சேலைகளுக்கு டிசைன் வரையும் என் நண்பரும் அப்படித்தான் வைத்திருந்தார். சி டிரைவில் டிசைன் பைல்கள். டி டிரைவில் அவற்றின் பேக்கப். ஒரு நாள் ஹார்ட் டிஸ்க் பழுதானது. இரண்டுமே போய்விட்டன! சி, டி இரண்டும் ஒரே வீட்டின் இரு அறைகள்தான். வீடே இடிந்தால் எந்த அறை தப்பும்?

"பெரிய நிறுவனங்கள் எப்படிச் சமாளிக்கின்றன?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

ஆரக்கிள் போன்ற டேட்டாபேஸ்களில் கிளஸ்டர் என்றொரு முறை உண்டு. கோர்வைச் சேலையை ஒரே தறியில் இருவர் சேர்ந்து நெய்வதுபோல, பல சர்வர்கள் ஒரே டேட்டாபேஸில் வேலை செய்யும். ஒன்று நின்றாலும் மற்றது தொடரும். ஆனால் எல்லா சர்வர்களும் நம்பியிருப்பது பொதுவான டிஸ்க்குகளை. எனவே அவற்றைக் கவனமாகப் பிரிப்பார்கள்.

1. டேட்டா: 2003ல் அறிவிக்கப்பட்ட ஆரக்கிள் 10ஜி பதிப்பில் ஏ.எஸ்.எம். என்னும் வசதி வந்தது. இது டேட்டாவைத் துண்டுகளாக்கிப் பல டிஸ்க்குகளில் பரப்பும். 'நார்மல்' முறையில் ஒவ்வொரு துண்டுக்கும் 2 பிரதிகள், வெவ்வேறு டிஸ்க்குகளில் இருக்கும்.

2. ரீடூ லாக்: செய்த மாற்றங்களின் கணக்கு நோட்டு. ஒவ்வொரு சர்வருக்கும் தனி நோட்டு உண்டு. ஆனால் அதுவும் பொது டிஸ்க்கில்தான் இருக்க வேண்டும். ஒரு சர்வர் நின்றால், மற்றது அந்த நோட்டைப் படித்துத்தான் விட்ட வேலையைச் சரிசெய்யும்.

3. ஓட்டிங் டிஸ்க்: பாதிக்கு மேற்பட்ட ஓட்டிங் டிஸ்க்குகளை அணுக முடியாத சர்வர் விலகிவிடும். 2 மட்டும் வைத்தால் ஒன்று பழுதானாலே சிக்கல். 3 வைத்தால் ஒன்று போனாலும் வேலை நடக்கும்.

4. பேக்கப்: இதற்குத் தனி டிஸ்க்குகள். 2 பிரதிகள் இருக்கும்போது இது எதற்கு என்கிறீர்களா? தவறுதலாக ஒன்றை அழித்தால் இரண்டு பிரதிகளிலும் அழிந்துவிடுமே!

உங்கள் கம்ப்யூட்டரையும் இப்போதே பாருங்கள். ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து, டிஸ்க் மேனேஜ்மென்ட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். சி, டி இரண்டும் 'டிஸ்க் 0' என்ற ஒரே வரிசையில் இருந்தால், டி டிரைவில் உள்ளது பேக்கப் அல்ல. எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க் ஒன்றில் நகல் எடுத்து, அதைக் கழற்றித் தனியே வையுங்கள். என் நண்பர் இப்போது வாரந்தோறும் அப்படித்தான் செய்கிறார். போன டிசைன்களை மட்டும் மறுபடி வரைந்து கொண்டிருக்கிறார்.