மினி காரின் கதவு எதற்குப் பொருந்தும்?

உங்கள் வீட்டு வாசற்கதவைக் கழற்றி எதிர்வீட்டு நிலையில் மாட்ட முடியுமா? இரண்டையும் ஒரே தச்சர் செய்திருந்தாலும் அநேகமாகப் பொருந்தாது. கீல் அரை அங்குலம் ஏறியிருக்கும். அல்லது அடிப்பக்கம் தரையில் உரசும். தச்சர் இழைப்புளியை எடுத்துச் சற்றே சீவிச் சரிசெய்துவிடுவார். மோட்டார் கார்த் தொழிற்சாலையில் இழைப்புளிக்கு வேலையில்லை. குவியலிலிருந்து எந்தக் கதவை எடுத்தாலும் வரிசையில் வரும் எந்தக் காரிலும் அது உட்கார வேண்டும். இதையே மாற்றிப் பொருத்தும் தன்மை என்கிறோம்.

1908-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் பந்தயப் பாதையில் மூன்று காடிலாக் கார்களை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றினார்கள். பாகங்களை ஒன்றாகக் கலந்து, மறுபடியும் மூன்று கார்களாகப் பூட்டி, 500 மைல் ஓட்டிக் காட்டினார்கள். ஆனால் அவை மூன்றும் ஒரே காலத்தில் செய்த ஒரே மாதிரிக் கார்கள். பல ஆண்டுகள் தொடர்ந்து செய்யப்பட்ட ஒரு காரில், தொடக்க காலக் கதவு பிற்காலத்துக் காருக்குப் பொருந்துமா?

இதற்கு விடை தேட ஏற்றது பிரிட்டனின் மினி. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இச்சிறு கார் 1959 ஆகஸ்டில் வெளிவந்தது. நீளம் ஏறக்குறைய 10 அடிதான். 2000 அக்டோபர் வரை 53 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். முதலில் ஆஸ்டின் என்றும் மாரிஸ் என்றும் இரண்டு பெயர்களில் விற்றார்கள். முகப்புக் கிராதியும் சின்னமும் வேறு, கதவோ ஒன்றே. ஆஸ்டினின் கதவு மாரிஸில் அழகாக உட்காரும்.

அந்தப் பழைய கதவை உற்றுப் பாருங்கள். கீல்கள் இரண்டும் வெளியே தெரியும். கண்ணாடி கீழே இறங்காது, பக்கவாட்டில் நகரும். அதனால் கதவுக்குள் கண்ணாடி இறங்க இடமும் வேண்டாம், சுற்றும் பொறியும் வேண்டாம். மிச்சமான இடத்தைப் பெரிய பையாக விட்டுவிட்டார் இசிகோனிஸ். பயணிகளின் முழங்கைக்கும் இடம் கிடைத்தது. எனக்கு மிகவும் பிடித்த சிக்கனம் இது. கண்ணாடி நகரும் காடியில் மழைநீர் தேங்கித் துருப்பிடிக்கும் என்பது அதற்குக் கொடுத்த விலை.

1969-இல் வந்த மூன்றாம் வகை மினியில் கீல்கள் உள்ளே மறைந்தன. கதவு பெரிதாயிற்று. கைப்பிடியைச் சுற்றினால் கண்ணாடி இறங்கியது. கதவு பெரிதானால் அது உட்காரும் வாயிலும் மாற வேண்டுமல்லவா? எனவே, தூரத்திலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி போலத் தோன்றும் 1966 மினிக்கும் 1970 மினிக்கும் கதவு ஒத்துப்போகாது. அதே 1969-இல் நீண்ட, சதுர மூக்குடன் கிளப்மன் என்ற வகையும் வந்தது. முகத்தைப் பார்த்தால் வேறு காரோ என்று தோன்றும். ஆனால் அதன் கதவும் மூன்றாம் வகை மினியின் கதவும் ஒன்றே!

சரக்கு வண்டியான மினி வேனின் கதை இன்னும் வேடிக்கை. அதற்கும் பிக்கப்புக்கும் 1980-களின் தொடக்கத்தில் உற்பத்தி நிற்கும்வரை வெளிக்கீலும் நகரும் கண்ணாடியுமே நீடித்தன. வேனின் சக்கர இடைவெளி சாதாரண மினியைவிட 4 அங்குலம் அதிகம். ஆனால் அந்த நீளம் கதவுக்குப் பின்னால் சேர்க்கப்பட்டது, கதவைத் தொடவில்லை. ஆகவே 1960-களின் காருக்குக் கதவு தேடியவர், பழைய வண்டிகளை உடைத்து விற்கும் கிடங்கில் பிற்கால வேனைத் தேடினால் பயன் உண்டு. பூட்டையும் உட்புற உறையையும் மட்டும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். இரும்புத் தகட்டை அழுத்தி வடிக்கும் அச்சுகள் விலை மிகுந்தவை. மூட்டை ஏற்றும் வண்டிக்காக அவற்றை மாற்றுவானேன் என்று நினைத்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

ஆஸ்திரேலியாவில் 1965-லேயே கீழிறங்கும் கண்ணாடி வந்துவிட்டது, வெளிக்கீல்களோடு! ஆக, கண்ணாடியை மட்டும் பார்த்து வகையை முடிவு கட்டவும் முடியாது.

வெளிக்கீல் காரில் துளையிட்டு உட்கீல் கதவை மாட்டிவிட்டால் என்ன? சிறு கணக்குப் போடுவோம். கதவின் நிறை 15 கிலோகிராம், அதன் ஈர்ப்பு மையம் கீலிலிருந்து 45 சென்டிமீட்டர், கீல்களின் இடைவெளி 30 சென்டிமீட்டர் என்று கொள்வோம். எடை 147 நியூட்டன். அதன் திருப்புத்திறன் ஏறத்தாழ 66 நியூட்டன் மீட்டர். இதை 0.30-ஆல் வகுத்தால் 220 நியூட்டன். அத்தனை விசையுடன் மேற்கீல் வெளியே இழுக்கப்படுகிறது. கீழ்க்கீல் உள்ளே அழுத்தப்படுகிறது. கண்ணாடிப் பொறியால் 3 கிலோகிராம் கூடினால் விசை 265 நியூட்டன் ஆகும். கீலுக்குப் பின்னால் தகடு தடித்து இருப்பது இதனால்தான். வெறுந்தகட்டில் துளையிட்டால் நாளடைவில் கிழியும்.

1996-இல் கதவுக்குள் பக்கவாட்டு மோதலைத் தாங்கும் எஃகுத் தண்டு சேர்ந்தது. அந்தக் காரில் தண்டில்லாத பழைய கதவை மாட்டினால், கதவு மூடலாம், பாதுகாப்பு போய்விடும்.

இடக்கதவை வலப்பக்கம் மாட்ட முடியாது. இரண்டும் கண்ணாடி பிம்பங்கள், உங்கள் செருப்புகளைப் போல. வளைவில்லாத தட்டைக் கண்ணாடியின் வடிவம் மட்டும் இதற்கு விலக்கு. அட்டையில் ஒரு சன்னல் வடிவத்தை வெட்டிப் புரட்டிப் பாருங்கள், ஏன் என்று புரியும். பிறகு அதே அட்டையைச் சற்று வளைத்துவிட்டுப் புரட்டுங்கள்.