எந்த வயதுக்கு எந்த பைபிள்? வாங்கும் முன் பெற்றோர் பார்க்க வேண்டியவை

டிசம்பர் நெருங்கினால் கிறிஸ்தவப் புத்தகக் கடைகளில் கூட்டம் சேர்ந்துவிடும். காலண்டரும் வாக்குத்தத்த அட்டையும் வாங்க வருபவர்கள் பிள்ளைகளுக்கு ஒரு பைபிளும் எடுத்துக்கொள்வார்கள். ஞானஸ்நானம், பிறந்தநாள், ஞாயிறு பள்ளிப் பரிசு என்று பைபிள் கைமாறும் சந்தர்ப்பங்களுக்கும் குறைவில்லை. இருந்தும் பல வீடுகளில் அலமாரியைத் திறந்தால் இரண்டு புத்தகங்கள்தான் தெரியும். ஒன்று, படம் போட்ட கெட்டி அட்டைப் புத்தகம். ஓரமெல்லாம் கடிபட்டு, முதுகு கிழிந்து தொங்கும். இன்னொன்று, ஜிப் வைத்த கறுப்பு உறை பைபிள். வாங்கிய மேனிக்கு அப்படியே இருக்கும். முதலாவதைப் பிள்ளை தாண்டிவிட்டது. இரண்டாவது இன்னும் எட்டவில்லை. ஆறு வயதிலிருந்து பதினொன்று வரைக்குமான புத்தகம்தான் வீட்டில் இல்லை.

அட்டையில் ‘3 முதல் 6 வயது வரை’ என்று அச்சிட்டிருப்பது ஓரளவுக்குத்தான் உதவும். பிள்ளை அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறது என்று பார்த்தால் தேர்வு சுலபமாகும். மடியில் உட்கார்ந்து படம் பார்க்கிறதா, சொல்லச் சொல்லக் கேட்கிறதா, தானாக எழுத்துக்கூட்டி வாசிக்கிறதா, எதிர்க்கேள்வி கேட்கிறதா? நான்குக்கும் நான்கு விதமான புத்தகம் வேண்டும்.

மூன்று வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். தாள் கெட்டியாக இருக்கட்டும், ஒரு பக்கத்துக்கு ஒரு படமும் இரண்டு மூன்று வரிகளும் போதும். ஆங்கிலப் புத்தகமே கிடைத்தாலும் அம்மாவோ பாட்டியோ படத்தைக் காட்டித் தமிழில் சொல்லிவிடலாம். படங்களை மட்டும் ஒரு தடவை புரட்டிப் பார்ப்பது நல்லது. மேலைநாட்டு அச்சில் வரும் பல புத்தகங்களில் பேதுருவும் மரியாளும் பொன்னிற முடியும் நீலக் கண்ணுமாக இருப்பார்கள். கதை நடந்ததோ மேற்கு ஆசியாவின் வெயிலில். சற்று மாநிறமாக, மணலும் ஒலிவ மரமுமாக வரைந்த புத்தகங்களும் இப்போது கிடைக்கின்றன. விலை ஒன்றாக இருந்தால் அதை எடுக்கலாம்.

பயமுறுத்தும் கதைகளை என்ன செய்வது?

உண்மையான சிக்கல் நான்கு ஐந்து வயதில் ஆரம்பிக்கிறது. நோவாவின் பேழைக் கதையில் ஒட்டகச்சிவிங்கி ஜன்னல் வழியாகச் சிரிக்கும். வெளியே மூழ்கிப்போனவர்களைப் பற்றிப் பேச்சிருக்காது. தாவீது கவண்கல்லால் கோலியாத்தை வீழ்த்துவான். அதற்குப் பிறகு தலையை வெட்டுவது வராது. இவற்றை விட்டுவிடுவதில் தவறில்லை. குழந்தை தாங்கும் அளவுக்குச் சொன்னால் போதும்.

ஆபிரகாம் ஈசாக்கை மலைக்குக் கூட்டிப்போன கதை அப்படி எளிதில் அடங்காது. ராத்திரி விளக்கை அணைத்த பிறகு, “அப்பா, இயேசப்பா கேட்டா என்னையும் கொடுத்துடுவீங்களா?” என்று ஒரு குரல் வரலாம். அதற்குப் பதில் சொல்லத் தயாராகாத வரைக்கும் அந்தப் பக்கத்தை அவசரமாகத் திறக்க வேண்டியதில்லை. ஆட்டுக்கடா புதரில் சிக்கிய இடத்துக்கு ஒரே தாவாகத் தாவும் புத்தகங்களும் உண்டு. கூர்மையான பிள்ளைகள் அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். ஐந்து வயதுக்கு அந்தக் கதை இல்லாத புத்தகமே தேவலை. ஏழெட்டு வயதில் பெற்றோரில் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து முழுதாக வாசித்துக்காட்டலாம். கேள்வி வந்தால் வரட்டும்.

விடுவது வேறு, மாற்றுவது வேறு. கடையில் நின்றபடியே இதைச் சோதித்துப் பார்க்கலாம். ஏதேன் தோட்டத்தில் ஏவாள் கையில் ஆப்பிள் இருக்கிறதா? பைபிள் அது என்ன கனி என்று சொல்வதே இல்லை. யோனாவை விழுங்கியது திமிங்கலமா? யோனா புத்தகத்தில் இருப்பது ஒரு பெரிய மீன். கிழக்கிலிருந்து வந்த ஞானிகளை ‘மூவர்’ என்று எண்ணிச் சொல்கிறதா? மத்தேயு எண்ணிக்கை தரவில்லை. இவை சின்ன விஷயங்கள்தான், இதற்காகப் புத்தகத்தைத் தள்ளிவிட வேண்டாம். ஆனால் புத்தகத்தை எழுதியவர் மூல நூலைத் திறந்து பார்த்தாரா, கேள்விப்பட்டதை எழுதினாரா என்பது தெரிந்துவிடும்.

இன்னொரு நல்ல சோதனை, யோனாவின் கதை எங்கே முடிகிறது என்பது. மீன் அவனைக் கரையில் கக்கியதும், ‘ஆகவே அப்பா அம்மா சொன்னபடி கேட்க வேண்டும்’ என்று முடித்துவிடும் புத்தகங்கள் ஏராளம். யோனா புத்தகத்துக்கு நான்கு அதிகாரங்கள். நினிவே பிழைத்துவிட்டதே என்று யோனா கோபித்துக்கொள்வதும், கடவுள் அவனிடம் அந்த ஊர் மக்களுக்காகவும் மாடுகளுக்காகவும் பரிந்து பேசுவதும் நான்காவதில்தான் வருகிறது. கதையின் உயிரே அங்கேதான். அதையும் நாலு வரியில் சொல்லியிருக்கும் புத்தகத்தை நம்பி வாங்கலாம்.

வாசிக்கத் தெரியும், ஆனால் எந்தத் தமிழ்?

இந்திய மொழிகளில் முதன்முதலாகப் புதிய ஏற்பாடு அச்சேறியது தமிழில். சீகன்பால்கு மொழிபெயர்த்து, 1715-ல் தரங்கம்பாடியில் அச்சிட்டது அது. முந்நூறு வருடத்துக்குப் பிறகு, ஆங்கில வழியில் நான்காம் வகுப்புப் படிக்கும் தமிழ்ப் பிள்ளை பைபிளின் ஒரு வசனத்தை வாசித்து முடிப்பதற்குள் மூச்சு வாங்குகிறது. குறை பிள்ளையிடம் மட்டும் இல்லை. சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே சபைகளில் பரவலாக வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பு, ஹென்றி பவர் தலைமையிலான குழு திருத்தி 1871-ல் வந்தது. பாட்டிக்கு அது தேனாக இருக்கும். பேரனுக்கு அந்தச் சந்தி சேர்ந்த நீளமான சொற்கள் கல்லாகத் தட்டும்.

பல வீடுகளில் மாமியாருக்கும் மருமகளுக்கும் சின்ன உரசல் வருவது இங்கேதான். “பிள்ளைக்குப் புரியுற மாதிரி வாங்கியிருக்கேன் அத்தை” என்றால், “கோவில்ல வாசிக்கிறது ஒண்ணு, வீட்டுல வாசிக்கிறது ஒண்ணா?” என்று பதில் வரும். இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. மனப்பாட வசனம் ஞாயிறு பள்ளியில் எந்த மொழிபெயர்ப்பில் கேட்கப்படுகிறதோ அதிலேயே வீட்டிலும் சொல்லிக்கொடுப்பது நல்லது. இரண்டு வாசகத்தைக் கலந்து பிள்ளை திணற வேண்டாம். கதையைத் தானாக வாசிப்பதற்கு எளிய தமிழில் வந்த மொழிபெயர்ப்பு ஒன்றைத் தனியாகக் கொடுக்கலாம். பாட்டி வசனத்துக்கு, அம்மா கதைக்கு என்று பங்கு பிரித்தால் சண்டைக்கு வேலையில்லை.

ஆங்கிலத்தில்தான் சரளமாக வாசிக்கிறது என்றால், கதைப் புத்தகத்துக்கும் முழு பைபிளுக்கும் நடுவில் நல்ல வழி உண்டு. 1986-ல் முழுமையாக வந்த ‘இன்டர்நேஷனல் சில்ட்ரன்ஸ் பைபிள்’ பிள்ளைகளுக்கென்றே மொழிபெயர்க்கப்பட்டது. ‘நியூ இன்டர்நேஷனல் ரீடர்ஸ் வெர்ஷன்’ குட்டிக் குட்டி வாக்கியங்களில் இருக்கும். இரண்டும் முழு பைபிள். சுருக்கிய கதைகள் கிடையாது. எதுவானாலும் பிள்ளையைக் கடைக்குக் கூட்டிப்போய் ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். தெரியாத சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கட்டும். பக்கம் முடிவதற்குள் ஐந்து விரலும் மடங்கினால் இன்னும் ஒரு வருடம் போகட்டும்.

வாங்கியதும் எங்கே ஆரம்பிப்பது என்பதும் முக்கியம். ஜனவரி ஒன்றாம் தேதி ஆதியாகமத்தில் தொடங்குகிற பிள்ளை லேவியராகமத்தின் பலிச் சட்டங்களில் மாட்டிக்கொண்டு நின்றுவிடும்; பெரியவர்களே அங்கேதான் நிற்கிறார்கள். நான்கு அதிகாரம் உள்ள ரூத், பிறகு பதினாறு அதிகாரத்தில் விறுவிறுவென்று ஓடும் மாற்கு சுவிசேஷம் என்று போகலாம்.

அப்பா சி.எஸ்.ஐ., அம்மா ஆர்.சி.

கலப்பு வீடுகளில் குழப்பம் புத்தகத்தின் பொருளடக்கத்திலேயே தொடங்கும். அப்பாவின் பைபிளில் 66 நூல்கள், அம்மாவின் பைபிளில் 73. அங்கே ஆதியாகமம், இங்கே தொடக்க நூல். அங்கே சங்கீதம், இங்கே திருப்பாடல்கள். தேவனும் கர்த்தரும் அங்கே. கடவுளும் ஆண்டவரும் இங்கே. கோவிலில் வாசகத்தை அறிவித்ததும் பத்து வயதுப் பிள்ளை பக்கம் தேடித் தவிப்பதைப் பார்த்தால் பாவமாக இருக்கும். இரண்டு பெயர்களையும் ஒரு அட்டையில் எழுதி உள்ளே செருகிவைப்பது ஐந்து நிமிட வேலை.

1995-ல் வெளியான ‘திருவிவிலியம்’ கத்தோலிக்க, சீர்திருத்த சபை அறிஞர்கள் சேர்ந்து உருவாக்கிய பொது மொழிபெயர்ப்பு. தமிழும் இன்றைய தமிழுக்கு நெருக்கம். இப்படிப்பட்ட வீடுகளுக்கு அதைவிடப் பொருத்தமானது கிடைப்பது அரிது. புதுநன்மைக்குத் தயாராகும் பிள்ளைக்கு ஆங்கிலப் புத்தகம் இணையத்தில் வாங்கினால் கத்தோலிக்கப் பதிப்புதானா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால், வானதூதர் இரபேலோடும் ஒரு நாயோடும் பயணம் போகும் இளைஞன் தோபியாவின் கதை அதில் இருக்காது. குழந்தைகளுக்கென்றே எழுதியது போன்ற கதை அது, சி.எஸ்.ஐ. அப்பாவும் கதையாகக் கேட்டு வைக்கலாம்.

பன்னிரண்டு வயதுக்கு மேல் படக்கதை பைபிள்கள் பிடிக்கும். மார்வெல், டி.சி. நிறுவனங்களுக்கு வரைந்த செர்ஜியோ கரியெல்லோவின் படங்களோடு 2010-ல் வந்த ‘தி ஆக்‌ஷன் பைபிள்’ அதில் பேர்பெற்றது. புத்தகம் பக்கமே திரும்பாத பையனும் அதை ஒரே மூச்சில் முடிப்பான். போர்களும் கடல் பயணங்களும் படக்கதைக்கு வாகானவை. சங்கீதங்களும் பவுலின் கடிதங்களும் அப்படி வரைவதற்கு இடம்கொடுக்காதவை. ஆகவே அதையே கடைசி பைபிளாக விட்டுவிடக் கூடாது.

திடப்படுத்தலுக்கோ உறுதிபூசுதலுக்கோ முழு பைபிள் வாங்கும்போது பெண்ணுக்கு ரோஜா நிறம், பையனுக்கு நீலம் என்று கடையில் எடுத்துவைப்பார்கள். உள்ளே இருப்பது ஒரே எழுத்துதான். எழுத்தின் அளவு, தாள் பின்பக்கம் தெரியாத கனம், ஓரத்தில் குறிப்பெழுத இடம் — பார்க்க வேண்டியவை இவை. பென்சிலால் கோடு போட முதல் நாளே அனுமதி கொடுத்துவிடலாம். தாவீது பத்சேபாளுக்குச் செய்த அநியாயத்தை இந்த வயதில் தானாகவே வாசித்து வந்து கேட்பார்கள். ‘அதெல்லாம் உனக்கு எதுக்கு’ என்று மூடிவிட்டால் அடுத்த கேள்வி வீட்டுக்கு வராது, கைபேசியிடம் போய்விடும்.

தாத்தாவின் பழைய பைபிளையே பேத்திக்குக் கொடுக்க நினைப்பவர்கள் எழுத்து கண்ணுக்குத் தெரிகிறதா, தாள் உடையாமல் இருக்கிறதா என்று முதலில் பார்க்கட்டும். முதல் பக்கத்தில் பிறப்பும் திருமணமும் தேதியோடு எழுதிய பைபிள் என்றால் அதை அலமாரியில் பத்திரமாக வைத்துவிட்டு, கோடு போட்டு வாசிக்க வேறொன்று வாங்கிக் கொடுக்கலாம்.