பழைய மினி டிராக்டரில் எண்ணெய்க் கசிவா? ஆயில் ஊற்றும் முன் காரணத்தைக் கண்டறிவது எப்படி?

புதுடெல்லி: இரவு நிறுத்திவைத்த டிராக்டரைக் காலையில் நகர்த்தியதும் தரையில் ஒரு கரிய வட்டம் தெரிகிறது. "பழைய வண்டி என்றால் ஒழுகத்தான் செய்யும்" என்று கூறி, குறைந்த ஆயிலை ஊற்றி நிரப்பிவிட்டு வயலுக்குப் புறப்படுவது பலரது வழக்கம். ஆனால், அந்த வட்டத்தின் நிறமும் இடமும் டிராக்டரின் எந்தப் பாகம் பழுதடைகிறது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடும். அதைக் கவனிக்கத் தவறினால் சில நூறு ரூபாயில் முடிய வேண்டிய வேலை, இன்ஜினையே பிரிக்கும் செலவில் முடியக்கூடும்.

2015-16ஆம் ஆண்டு வேளாண் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஒரு சாகுபடி நில உடைமையின் சராசரிப் பரப்பு 1.08 ஹெக்டேர் மட்டுமே. நாசிக் திராட்சைத் தோட்டங்கள் போன்ற குறுகிய வரிசைகளில் மருந்து தெளிக்கவும், பருத்தியில் ஊடு உழவு செய்யவும் சிறிய டிராக்டர்களே ஏற்றவை. இவற்றைப் பழைய நிலையில் வாங்கிப் பல ஆண்டுகள் ஓட்டும் சிறு விவசாயிகளுக்கு, கசிவைக் கண்டறியும் முறை பெரிதும் பயன்படும்.

ஒரு சொட்டு எவ்வளவு?

ஒரு சொட்டு ஆயில் ஏறக்குறைய 0.05 மில்லி லிட்டர். 10 விநாடிக்கு ஒரு சொட்டு வீதம் ஒழுகினால் மணிக்கு 18 மில்லி லிட்டர் போகும். நாளொன்றுக்கு 8 மணி நேரம் உழைக்கும் டிராக்டர், 25 நாள்களில் 3.6 லிட்டரை இழந்துவிடும். சிறிய இன்ஜின்கள் பலவற்றின் மொத்த ஆயில் கொள்ளளவே ஏறக்குறைய இவ்வளவுதான்.

எந்தத் திரவம் என்பதை அறிவது

முதல் வேலை, டிராக்டரைச் சமதரையில் நிறுத்தி அதன் அடியில் பெரிய அட்டையை விரித்து வைப்பது. மறுநாள் காலையில் அட்டையில் இருக்கும் கறையே பாதி விடையைத் தரும்.

கரிய நிறத்தில் வழவழப்பாக இருந்தால் அது இன்ஜின் ஆயில். தேன் நிறத்தில், சற்றுக் கனமான வாடையுடன் இருந்தால் கியர் பெட்டியின் அல்லது ஹைட்ராலிக் அமைப்பின் ஆயில். சிறிய டிராக்டர்கள் பலவற்றில் இவ்விரண்டுக்கும் ஒரே ஆயில்தான். மெல்லியதாகப் பரவி, வாடையால் உடனே தெரிந்துவிடுவது டீசல். பச்சை அல்லது இளஞ்சிவப்பு நிறத்தில் நீர் போல இருப்பது ரேடியேட்டர் கூலன்ட். கூலன்ட்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவை கொண்ட நஞ்சு என்பதால், நாய்களும் கன்றுகளும் நக்கிவிடாதபடி உடனே கழுவிவிட வேண்டும்.

தொடக்கப் புள்ளியைத் தேடுவது

சொட்டு விழும் இடம் வேறு, கசிவு தொடங்கும் இடம் வேறு. மேலே வால்வு மூடியில் கசியும் ஆயில் இன்ஜின் பக்கவாட்டில் வழிந்து, ஓட்டத்தின்போது வீசும் காற்றில் பின்னோக்கிப் பரவி, கிளட்ச் கூட்டின் அடியில் சொட்டும். கீழே மட்டும் பார்த்தால் கிளட்சையே பிரிக்க வேண்டும் என்று தோன்றும்.

எனவே இன்ஜின் நன்கு ஆறிய பிறகு, மண்ணும் எண்ணெயும் சேர்ந்து இறுகிய படிமத்தை டீசலும் தூரிகையும் கொண்டு துடைத்து, சோப்பு நீரால் கழுவி உலர்த்த வேண்டும். சந்தேகமுள்ள இடங்களில் முகப் பவுடரையோ சுண்ணப் பொடியையோ தூவலாம். இன்ஜினைச் சிறிது நேரம் ஓட்டி நிறுத்திவிட்டுப் பார்த்தால், வெண்மையின் மீது ஈரக் கோடு தெரியும். அந்த ஈரத்தின் மிக உயரமான புள்ளியே கசிவின் தொடக்கம்.

அடிக்கடி கசியும் இடங்கள்

கிளட்ச் கூட்டின் அடியில் பல டிராக்டர்களில் ஒரு சிறு துளையும், அதில் ஸ்பிளிட் பின்னும் இருக்கும். அங்கு கரிய ஆயில் சொட்டினால் கிராங்க் தண்டின் பின்பக்க சீலையும், தேன் நிற ஆயில் சொட்டினால் கியர் பெட்டியின் முன்பக்கத் தண்டு சீலையும் சந்தேகிக்கலாம். தண்ணீர் பம்பின் அடியிலுள்ள சிறு துளையில் கூலன்ட் சொட்டினால் பம்பின் உள் சீல் தேய்ந்துவிட்டது என்று பொருள். அத்துளையை அடைப்பது தீர்வாகாது. கூலன்ட் பேரிங்கினுள் புகுந்து பம்பையே கெடுத்துவிடும்.

டீசல் கசிவு பெரும்பாலும் இணைப்பு போல்ட்டுகளின் செம்பு வாஷர்களிலும், இன்ஜெக்டர்களிலிருந்து திரும்பும் மெல்லிய குழாயின் விரிசலிலும் ஏற்படுகிறது. நான்கு சக்கர இயக்கம் கொண்டவற்றில், முன் சக்கரத் தண்டில் கயிறோ கம்பியோ வைக்கோலோ சுற்றிக்கொண்டு சீலை அறுத்துவிடுவதும் உண்டு.

சீலைக் குறை சொல்லும் முன்

புதிய சீல் போட்டும் சில வாரங்களில் மீண்டும் கசிகிறது என்றால், குறை வேறிடத்தில் இருக்கிறது. இன்ஜினுக்கும் கியர் பெட்டிக்கும் மூச்சுக் குழாய் எனப்படும் ப்ரீதர் உண்டு. அது மண்ணால் அடைபட்டால் உள்ளே அழுத்தம் கூடி, ஆயிலைச் சீல்களின் வழியே வெளியே தள்ளும். ப்ரீதரைக் கழற்றி டீசலில் கழுவி உலர்த்தி மாட்டுவதற்குச் செலவே இல்லை. சுத்தம் செய்த பிறகும் அதிலிருந்து புகை விட்டுவிட்டு வந்தால், பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்திருக்கலாம். அந்நிலையில் சீல் மாற்றுவது மட்டும் பயன் தராது.

ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றுவதும் கசிவுக்கு வழிவகுக்கும். தண்டைக் கையால் மேலும் கீழும் அசைத்துப் பார்த்து, ஆட்டம் இருந்தால் முதலில் பேரிங்கை மாற்ற வேண்டும். தேய்ந்த பேரிங்கின் மீது எந்தச் சீலும் நிலைக்காது.

வெளியே தெரியாத கசிவுகள்

சில கசிவுகள் தரையில் சொட்டுவதில்லை. இன்ஜின் ஆயிலின் அளவு குறைவதற்குப் பதிலாக ஏறி, டீசல் வாடை வீசினால், டீசல் பம்பு வழியாக எரிபொருள் ஆயிலில் கலக்கிறது என்று கருத வேண்டும். நீர்த்துப்போன ஆயில் பேரிங்குகளைக் காக்காது. அத்துடன் டிராக்டரை ஓட்டக் கூடாது.

கியர் ஆயில் பால் போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துள்ளது. கியர் லிவரின் கிழிந்த ரப்பர் உறை வழியாக மழைநீர் இறங்குவது இதற்கு ஒரு பொதுவான காரணம். தூக்கிய ரோட்டவேட்டர் இன்ஜினை நிறுத்தியதும் தானே இறங்கினால், ஹைட்ராலிக் பிஸ்டனின் ரப்பர் வளையமோ கட்டுப்பாட்டு வால்வோ உள்ளுக்குள் கசிகிறது. ஹைட்ராலிக் ஆயில் நுரைத்து, லிஃப்ட் உதறி உதறி எழும்பினால், பம்பின் உறிஞ்சு குழாய் காற்றை இழுக்கிறது.

கையால் தடவிப் பார்க்கக் கூடாது

கார் டயரின் காற்றழுத்தம் ஏறக்குறைய 2 பார். ஹைட்ராலிக் குழாயிலோ அழுத்தம் 100 பாருக்கு மேல் செல்லக்கூடும். ஊசித் துளை வழியே பீய்ச்சும் ஆயில் கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே சென்றுவிடும். வெளியே சிறு புள்ளிதான் தெரியும். வலியும் தொடக்கத்தில் குறைவாக இருக்கலாம். ஆனால் இது விரலையோ கையையோ இழக்கச் செய்யும் அவசர நிலை. களிம்பு தடவிக் காத்திராமல், அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே செல்ல வேண்டும்.

ஹைட்ராலிக் கசிவைத் தேட நீண்ட அட்டைத் துண்டையே பயன்படுத்த வேண்டும். இணைப்புகளைத் தளர்த்தும் முன் கருவியைத் தரையில் இறக்கி, இன்ஜினை நிறுத்தி, லிவரை அசைத்து அழுத்தத்தை வெளியேற்றுவது அவசியம். லிஃப்டில் தொங்கும் கருவியின் கீழ் எக்காரணம் கொண்டும் புகக் கூடாது. சூடான ரேடியேட்டரின் மூடியையும் திறக்கக் கூடாது.

சீல் மாற்றும் முறை

பழைய சீலின் மீது பொறித்துள்ள மூன்று எண்கள் உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் ஆகியவற்றைக் குறிக்கும். அந்தச் சீலையே கடைக்கு எடுத்துச் செல்வது நல்லது. புதிய சீலின் உதட்டில் சிறிது கிரீஸ் தடவி, சுருள் கம்பி உள்ள பக்கம் ஆயிலை நோக்கி இருக்குமாறு, சாயாமல் நேராகப் பொருத்த வேண்டும். தண்டில் பள்ளம் விழுந்திருந்தால் லேத் பட்டறையில் மெல்லிய உறை பொருத்திக்கொள்ளலாம். கேஸ்கெட் பேஸ்டை அள்ளிப் பூசுவதும் ஆபத்தே. உள்ளே பிதுங்கும் துணுக்குகள் ஆயில் வடிகட்டியை அடைத்துவிடும்.

எது அவசரம்? எது பொறுக்கும்?

உலர் வகை பிரேக் உள்ள பழைய டிராக்டர்களில், பின் சக்கரத் தண்டின் சீல் கசிந்தால் ஆயில் பிரேக்கை நனைத்துவிடும். அப்போது பிரேக் அழுத்தினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். டிரெய்லரில் பாரம் ஏற்றிச் சாலையில் செல்வோருக்கு இது உயிர் ஆபத்து. இதையும், ஹைட்ராலிக் குழாய் கசிவையும், சூடான புகைபோக்கி அருகே சொட்டும் டீசலையும், ஆயிலில் கலந்த டீசலையும், ஆயிலில் புகுந்த தண்ணீரையும் ஒரு நாளும் ஒத்திப்போடக் கூடாது. வால்வு மூடியில் படரும் இலேசான ஈரத்தை, நாள்தோறும் ஆயில் அளவைப் பார்த்துக்கொண்டு, அறுவடை முடியும் வரை பொறுத்துக்கொள்ளலாம்.

வடித்தெடுத்த பழைய ஆயில், 2016ஆம் ஆண்டின் விதிகளின்படி அபாயகரக் கழிவாகும். அதை வரப்பிலோ வாய்க்காலிலோ ஊற்றாமல், மூடியுள்ள கேனில் சேர்த்து அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்ப்பிக்க வேண்டும். வண்டியிலிருந்து ஒழுகும் ஆயில் கடைசியில் சேருவதும் அதே வயல் மண்ணில்தான்.