இளமையும் தண்டனையும்

பெற்றோரைக் கொன்றவனுக்கு இளமை ஒரு சமாதானமாகுமா? இவ்வினாவை எழுப்பியது அமெரிக்க மெனெண்டஸ் வழக்கு.

1989 ஆகஸ்டு 20ஆம் நாள், கலிபோர்னியாவின் பெவர்லி ஹில்ஸ் நகரில், செல்வரான ஹோசே மெனெண்டஸும் மனைவி கிட்டியும் தம் மாளிகையிலேயே சுட்டுக் கொல்லப்பட்டனர். சுட்டவர் அவர்தம் புதல்வரே. மூத்தவர் லைல், வயது 21. இளையவர் எரிக், வயது 18.

செல்வத்தின் மீதுள்ள பேராசையே காரணம் என்றது அரசு தரப்பு. தந்தை இழைத்த பாலியல் கொடுமை வெளிப்படாதிருக்கத் தம்மைக் கொன்றுவிடுவர் என அஞ்சியே சுட்டதாகப் புதல்வர் கூறினர். 1994இல் ஜூரிமாரிடையே கருத்தொற்றுமை ஏற்படவில்லை. மறு விசாரணையில் கொடுமை பற்றிய சான்றுகள் பெரிதும் குறுக்கப்பட்டன. 1996இல் இருவரும் கொலைக் குற்றவாளிகளெனத் தீர்ப்பாயிற்று. பரோல் என்னும் நிபந்தனை விடுதலைக்கும் இடமில்லாத ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

பின்னர் அம்மாநிலச் சட்டம் மாறிற்று. 26 வயது நிரம்புமுன் குற்றம் புரிந்தோரின் முதிராமையைப் பரோல் வாரியம் கருத வேண்டுமென விதி வந்தது. 2025 மே மாதம் நீதிமன்றம் தண்டனையை 50 ஆண்டு முதல் ஆயுள் வரை என மாற்றியது. இதனால் பரோல் கோரும் உரிமை கிட்டிற்று. ஆகஸ்டில் வாரியம் இருவருக்கும் மறுத்துவிட்டது.

ஆக, இளமை குற்றத்தைத் துடைப்பதில்லை. குற்றவாளி திருந்தினானா என்று மீண்டும் கேட்க மட்டுமே அது வழிவிடுகிறது.