பேட்டரி சேவர் ஆப் போட்டா சார்ஜ் நிக்குமா?

இந்த எபிசோட் முழுக்க ஒரே ஒரு கேள்விதான். பேட்டரி சேவர், பவர் க்ளீனர், போன் பூஸ்டர்னு பேர் வச்சுக்கிட்டு ஆப் ஸ்டோர்ல வரிசையா நிக்குதே, அதெல்லாம் நம்ம போன்ல சார்ஜை நீட்டிச்சுத் தருமா? பதிலை முதல்லயே சொல்லிடறேன்: தராது. பல நேரம் இருக்கிறதையும் கொஞ்சம் குறைச்சிடும். பதில் மட்டும் போதும்னா இங்கேயே கிளம்பிடலாம். ஆனா ஏன் தராதுன்னு புரிஞ்சாதான் சார்ஜை உண்மையிலேயே எது தின்னுதுன்னும் புரியும்.

ஒரு விஷயத்தை முதல்ல பிரிச்சுக்குவோம். போன்லயே வர்ற பேட்டரி சேவர் மோடு வேற, நாம டவுன்லோடு பண்ற பேட்டரி சேவர் ஆப் வேற. முதல்ல சொன்னது வேலை செய்யும். ஆண்ட்ராய்டுல அது 2014-ல 5.0 வெர்ஷனோட வந்தது, ஐபோன்ல லோ பவர் மோடுன்னு 2015-ல வந்தது. அது இயங்குதளத்தோட ஒரு பகுதி. அதனால பிராசசர் வேகத்தைக் குறைக்க, பின்னணியில நடக்கிற சிங்க்கை நிறுத்தி வைக்க, அனிமேஷனைக் குறைக்க அதுக்கு அதிகாரம் இருக்கு. டவுன்லோடு பண்ணின ஆப்புக்கு அந்த அதிகாரம் கிடையாது. ஆண்ட்ராய்டுல ஒவ்வொரு ஆப்பும் அடியில இருக்கிற லினக்ஸுக்கு ஒரு தனி யூசர் மாதிரி. அபார்ட்மென்ட்ல மூணாவது மாடிக்காரர் நாலாவது மாடி ஃபேனை நிறுத்த முடியாது இல்லையா, அதே கதைதான். ஐபோன்ல இன்னும் கறார். மத்த ஆப் என்ன பண்ணுதுன்னு எட்டிப் பார்க்கக்கூட விடமாட்டாங்க.

அப்போ அந்தப் பெரிய பச்சை பட்டனை அழுத்தினதும் "23 ஆப்கள் மூடப்பட்டன"ன்னு வருதே, அது என்ன? ஆண்ட்ராய்டுல மத்த ஆப்போட பின்னணி பிராசஸை மூடச் சொல்லிக் கேட்கிறதுக்கு ஒரு கதவு இருந்தது. 2010-ல வந்த 2.2 வெர்ஷன்லேர்ந்து அந்தக் கதவு கொஞ்சம் கொஞ்சமா சின்னதாகிட்டே வந்தது. அதுக்கு முன்னாடி டாஸ்க் கில்லர்னு ஒரு வகை ஆப் ரொம்பப் பிரபலம். ரேம் பத்தாத போன்கள், ஒழுங்கா எழுதப்படாத ஆப்கள், அந்தக் காலத்துல அதுக்கு ஒரு நியாயம்கூட இருந்திருக்கலாம். இன்னைக்கு அந்த பட்டன் மூடுறது பெரும்பாலும் தூங்கிட்டிருக்கிற பிராசஸ்களைத்தான். நீங்க காலைல பார்த்துட்டு விட்ட ஒரு ஆப், ரேம்ல அப்படியே உட்கார்ந்திருக்கும். பிராசசரை அது கிட்டத்தட்ட தொடவே தொடாது.

இங்கதான் நிறைய பேர் குழம்புறாங்க. "ரேம் நிறைஞ்சிருக்கு, அதான் சார்ஜ் போகுது"ன்னு நினைக்கிறாங்க. ரேம் நிறைஞ்சிருந்தாலும் காலியா இருந்தாலும் அதை உயிரோட வச்சிருக்க ஏறத்தாழ ஒரே கரண்ட்தான் போகும். வீட்டு ஃப்ரிட்ஜை நினைச்சுக்குங்க. தோசை மாவு உள்ள இருந்தாலும் இல்லைன்னாலும் ஃப்ரிட்ஜ் ஓடிக்கிட்டுத்தான் இருக்கும். இடத்தை அடைக்குதேன்னு மாவை எடுத்துக் கொட்டிட்டு, அடுத்த தோசைக்கு அரிசி ஊறவச்சு முதல்லேர்ந்து அரைக்கிறவங்களை என்ன சொல்லுவீங்க? பூஸ்டர் ஆப் அதைத்தான் பண்ணுது. மூடின ஆப்பை நீங்க திரும்பத் திறக்கும்போது ஸ்டோரேஜ்லேர்ந்து கோடைப் படிக்கணும், புதுசா பிராசஸ் உருவாக்கணும், சர்வரோட மறுபடி கனெக்ட் ஆகணும். இது எல்லாத்துக்கும் பிராசசர் ஓடும். போதாக்குறைக்கு, மூடின ஆப்ல பல ஏதாவது நோட்டிஃபிகேஷன் வந்ததும் தானா எழுந்து வந்துடும். க்ளீனர் திரும்ப மூடும். அது திரும்ப எழும். இந்தக் கண்ணாமூச்சிக்கு நடுவுல க்ளீனரும் முழு நேரமும் விழிச்சுக்கிட்டு இருக்கணுமே, அந்த சார்ஜ் யார் கணக்கு?

ரீசன்ட் ஆப்ஸ் ஸ்கிரீனைத் திறந்து ஒவ்வொண்ணா ஸ்வைப் பண்ணித் தள்ளுற பழக்கமும் இதே கேஸ்தான். 2016-ல ஒரு ஐபோன் பயனர், நீங்க ஆப்களை அடிக்கடி மூடுவீங்களா, பேட்டரிக்கு அது அவசியமான்னு ஆப்பிளுக்கு மெயில் போட்டுக் கேட்டார். சாஃப்ட்வேர் பிரிவுத் தலைவர் க்ரெய்க் ஃபெடரிகி ரெண்டு கேள்விக்கும் இல்லை, இல்லைன்னு பதில் அனுப்பினார். அதே சமயத்துல கூகுள்ல ஆண்ட்ராய்டுக்குப் பொறுப்பா இருந்த ஹிரோஷி லாக்ஹைமரும், மூடுறதால பேட்டரி லேசா மோசமாகக்கூட வாய்ப்பு இருக்குன்னு சொன்னார். நானே ஆண்ட்ராய்டுல கோடு எழுதுறவன்தான். ஆனாலும் லிஃப்ட்ல நிக்கும்போது கை தானா ஸ்வைப் பண்ணுது. அது சுத்தம் பண்ணின திருப்தி, அவ்வளவுதான்.

அந்தச் சின்னக் கதவும் 2023-ல வந்த ஆண்ட்ராய்டு 14-ல மூடிடுச்சு. இப்போ ஒரு ஆப் அந்தக் கட்டளையைக் கொடுத்தா தன்னோட சொந்தப் பின்னணி பிராசஸை மட்டும்தான் மூட முடியும். வெளி ஆப் ஒண்ணால ஆண்ட்ராய்டு போனோட மெமரியையோ, பவரையோ, சூட்டையோ மேம்படுத்த முடியாதுன்னு டெவலப்பர்களுக்கான டாக்குமென்டேஷன்லயே கூகுள் நேரடியா எழுதி வச்சிருக்கு. ஆக, புது போன்ல "23 ஆப்கள் மூடப்பட்டன"ன்னு ஒரு அனிமேஷன் சுத்தினா, அது பெரும்பாலும் அனிமேஷன் மட்டும்தான்.

செய்ய வேண்டிய வேலையை ஆண்ட்ராய்டே செய்ய ஆரம்பிச்சு ரொம்ப நாளாச்சு. 2015-ல 6.0-வோட டோஸ் வந்தது. போனைத் தொடாம மேஜையில வச்சா ஆப்களோட நெட்வொர்க் வேலையை எல்லாம் சேர்த்து வச்சு, இடைவெளி விட்டு விட்டு மொத்தமா நடக்க விடும். 2018-ல 9-வது வெர்ஷன்ல, நீங்க எந்த ஆப்பை அடிக்கடி திறக்கிறீங்கன்னு பார்த்து, தொடாத ஆப்புக்கு ரேஷன் போடுற ஏற்பாடு வந்தது.

பேட்டரி காலிப்ரேஷன் ஆப்னு ஒரு தனிக் கூட்டமே இருந்தது. போன்ல ஒரு புள்ளிவிவர ஃபைலை அழிச்சா பேட்டரி புதுசு மாதிரி ஆகிடும்னு சொல்லுவாங்க. ஆண்ட்ராய்டு இன்ஜினியர் டயான் ஹாக்பார்ன் 2012-லயே அதை உடைச்சுட்டார். அந்த ஃபைல், எந்த ஆப் எவ்வளவு சார்ஜ் எடுத்ததுன்னு செட்டிங்ஸ்ல காட்டுறதுக்கு மட்டும்தான். சதவீதத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை.

வேலையே செய்யாதுன்னா இத்தனை ஆப் ஏன் இருக்கு? விளம்பரம். சார்ஜ் போட்டதும் லாக் ஸ்கிரீன் மேல ஒரு பக்கத்தை விரிச்சு அதுல விளம்பரம் காட்டுறது இந்த ஆப்களோட பழைய வழக்கம். லாக் ஸ்கிரீன் ஆப்பா இல்லாத எதுவும் லாக் ஸ்கிரீன்ல காசு பார்க்கக் கூடாதுன்னு 2017-ல கூகுள் தடை போட்டது. 2020 பிப்ரவரியில தொந்தரவான விளம்பரங்களுக்காகக் கிட்டத்தட்ட 600 ஆப்களை ப்ளே ஸ்டோர்லேர்ந்து தூக்கினாங்க. இந்தியாவுல அதே வருஷம் ஜூன் மாசம் தடை செஞ்ச 59 சீன ஆப்கள் பட்டியலை நாம டிக்டாக்கோட மட்டும் ஞாபகம் வச்சிருக்கோம். அதுல டியூ பேட்டரி சேவரும் க்ளீன் மாஸ்டரும் இருந்தது. அந்தத் தடைக்குக் காரணம் நாட்டுப் பாதுகாப்புன்னு சொன்னாங்க, பேட்டரி இல்லை. ஆனா எவ்வளவு பேர் போன்ல அதெல்லாம் உட்கார்ந்திருந்ததுன்னு அந்தப் பட்டியலே காட்டுது.

இது வெறும் ஏமாத்து வேலை, போனா போகுதுன்னு விடலாமான்னா, விட முடியாது. போன மாசம் மதுரையிலேர்ந்து ஒரு தம்பி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். சாப்பாடு டெலிவரி பண்றவர். "அண்ணா, மத்தியானத்துக்குள்ள சார்ஜ் பாதி இறங்கிடுது, அதான் ஒரு பேட்டரி சேவர் போட்டேன். இப்போ லாகின் பண்ணி நின்னாலும் ஆர்டரே விழ மாட்டேங்குது. திறந்து பார்த்தா ஆஃப்லைன்னு இருக்கு"ன்னு கேட்டார். அவர் அனுப்பின ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்ததும் புரிஞ்சது. அந்த ஆப் ஆக்சசிபிலிட்டி அனுமதி வாங்கியிருக்கு. பார்வைக் குறைபாடு உள்ளவங்களுக்கு உதவுறதுக்காக வச்சிருக்கிற அனுமதி அது. அதைக் கொடுத்துட்டா உங்க ஸ்கிரீன்ல இருக்கிறதைப் படிக்கலாம், உங்களுக்குப் பதிலா பட்டனை அழுத்தலாம். கதவு மூடின பிறகு இந்த ஆப்கள் உள்ள வர்ற ஜன்னல் இதுதான்.

அதை வச்சு அது ஒவ்வொரு ஆப்போட செட்டிங்ஸ் பக்கத்துக்கும் போய் "ஃபோர்ஸ் ஸ்டாப்"பை அழுத்துது. சாதாரணமா மூடுறதுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. ஃபோர்ஸ் ஸ்டாப் ஆன ஆப்பை நீங்க கையால திரும்பத் திறக்கிற வரைக்கும் அதுக்கு அலாரம் கிடையாது, புஷ் நோட்டிஃபிகேஷன் கிடையாது, பின்னணி வேலை எதுவும் கிடையாது. டெலிவரி ஆப்புக்கு அதுன்னா ஆர்டர் வராது. ஒரு ராத்திரி ஷிஃப்ட்டோட வருமானம் அதுல போகுது. வீட்டுல அம்மா மாத்திரைக்கு ரிமைண்டர் ஆப் வச்சிருந்தா அதுவும் அடிக்காது. ஸ்கிரீனைப் படிக்கிற அனுமதியை முன்பின் தெரியாத ஒரு ஆப்புக்குக் கொடுத்துட்டு, அதே போன்ல யூபிஐ பின் போடுறோம் பாருங்க, அது எனக்கு இன்னும் பயம்.

அவர்கிட்ட நான் சொன்னது இதுதான். அதை அன்இன்ஸ்டால் பண்ணுங்க. டெலிவரி ஆப்போட செட்டிங்ஸ்ல பேட்டரின்னு ஒரு இடம் இருக்கும், அதுல "அன்ரெஸ்ட்ரிக்டட்" வைங்க. சில பிராண்டு போன்கள் தாங்களாவே பின்னணி ஆப்களை அளவுக்கு மீறி மூடும். உங்க மாடல்ல எதை மாத்தணும்னு "டோன்ட் கில் மை ஆப்"னு ஒரு வெப்சைட்ல பிராண்டு வாரியா இருக்கு. அப்புறம் ஒரு கசப்பான உண்மை: உச்சி வெயில்ல முழு பிரைட்னஸ், ஜிபிஎஸ், மொபைல் டேட்டா மூணும் மணிக்கணக்கா ஓடினா எந்த செட்டிங்கும் காப்பாத்தாது. பவர் பேங்க்தான் வழி. போனை வெயில் படாம வச்சா நல்லது, சூடேறின போன் சார்ஜையும் மெதுவாத்தான் ஏத்தும்.

கணக்கைப் பாருங்க. 5000 மில்லியாம்பியர் ஹவர் பேட்டரின்னா சுமார் 19 வாட் ஹவர். வீட்டுல இருக்கிற 9 வாட் எல்இடி பல்பை ரெண்டு மணி நேரம் எரிய வைக்கலாம், அவ்வளவுதான் அதுல இருக்கு. இதுல பெரிய பங்கு ஸ்கிரீனுக்கும் ரேடியோவுக்கும். ஸ்கிரீன்னா பிரைட்னஸ்தான் முதல் ஆள். டார்க் மோடு பத்தி அமெரிக்காவுல பர்டியூ பல்கலைக்கழகம் 2021-ல ஓலெட் போன்களை வச்சு அளந்தாங்க. பிரைட்னஸ் 30 முதல் 50 சதவீதம் இருக்கும்போது டார்க் மோடு மிச்சம் பிடிச்சது சராசரியா 3 முதல் 9 சதவீதம்தான். முழு பிரைட்னஸ்ல 39 முதல் 47 சதவீதம். வீட்டுக்குள்ள பெருசா ஒண்ணும் இல்லை, வெயில்ல நல்ல லாபம். எல்சிடி ஸ்கிரீன்னா லாபமே கிடையாது, பின்னாடி லைட் எப்படியும் எரியும்.

ரேடியோவை யாரும் கண்டுக்கிறதில்லை. சிக்னல் ஒரு கோடு இருக்கிற இடத்துல போன் டவரை எட்டுறதுக்காகச் சத்தமா கத்தும், டவரை மாத்தி மாத்தித் தேடும். பேஸ்மென்ட் பார்க்கிங், ஓடுற ரயில், ஆபீஸ்ல நடு அறை, இங்கெல்லாம் போன் சும்மா இருந்தே இறங்குறது இதனாலதான். வைஃபை இருந்தா வைஃபை காலிங்கைப் போட்டு விடுங்க. சிக்னலே இல்லாத பயணம்னா ஏரோப்ளேன் மோடு.

நிஜமாவே கெட்டுப்போன ஆப் ஒண்ணு போனைத் தூங்க விடாம பண்றதும் நடக்கும். அதைப் பிடிக்க தனி ஆப் வேண்டாம். செட்டிங்ஸ்ல பேட்டரி யூசேஜ் பக்கத்துல, நீங்க அதிகம் திறக்காத ஆப் ஒண்ணு மேல உட்கார்ந்திருந்தா அதுதான் ஆள். அதை "ரெஸ்ட்ரிக்டட்" பண்ணுங்க, இல்லை தூக்கிடுங்க. மூணு வருஷப் பழைய போன்ல சந்தேகப்படும்படி எந்த ஆப்பும் இல்லைன்னா, பேட்டரியே வயசாகியிருக்கலாம். ஐபோன்ல பேட்டரி ஹெல்த் சதவீதம் செட்டிங்ஸ்லயே இருக்கு. ஆண்ட்ராய்டுல சில மாடல்ல காட்டும், காட்டாதவங்க அக்யூபேட்டரி மாதிரி அளக்க மட்டும் செய்யுற ஆப்பைச் சில வாரம் ஓட விட்டா ஒரு மதிப்பீடு கிடைக்கும். 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கியிருந்தா சர்வீஸ் சென்டர்ல புது பேட்டரி போடுங்க, புது போன் வேண்டாம்.

உங்க போன்ல ஏற்கனவே ஒரு பேட்டரி சேவர் இருந்தா, அது இருக்கும்போது ஒரு வாரம், எடுத்துட்டு ஒரு வாரம், ராத்திரி படுக்கும்போதும் காலைல எழும்போதும் சதவீதத்தைக் குறிச்சு வைங்க. ரெண்டு வாரமும் போன் ஒரே இடத்துல, ஒரே வைஃபையில இருக்கட்டும். எண்களை அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல சேர்த்துப் பார்க்கலாம்.