பாட்டியின் பாட்டுக்கு ஒரு கொப்பி

இலக்கியம், தத்துவம் என்றதுமே அவை படித்தவர்களுக்கும் ஓய்வுள்ளவர்களுக்கும் உரியவை என்று நம்மில் பலர் ஒதுங்கி விடுகிறோம். விடியற்காலையில் பிரட்டுக்குப் போய், கொழுந்து பறித்து, பிள்ளை மடுவத்திலிருந்து குழந்தையைத் தூக்கி வந்து, இரவு அடுப்பை அணைக்கும் பெண்ணுக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது? கேள்வி நியாயமானதுதான். ஆனால் உயர்ந்த சிந்தனைகள் பல, ஓய்வே இல்லாதவர்களிடம்தான் பிறந்திருக்கின்றன.

ஏறத்தாழ 1,950 ஆண்டுகளுக்கு முன் உரோமாபுரியில் அடிமையாக இருந்தவர் எபிக்டெட்டஸ். பின்னர் விடுதலை பெற்று ஆசிரியரானார். நம் வசத்தில் உள்ளவை எவை, இல்லாதவை எவை என்று பிரித்தறிவதே நல்வாழ்வின் தொடக்கம் என்று அவர் போதித்தார். அவர் தம் கையால் ஒரு நூலும் எழுதவில்லை. அர்ரியன் என்ற மாணவர் கேட்டு எழுதி வைத்ததால்தான் இன்றும் உலகம் அவரை அறிகிறது.

நமது மலையகத்திலும் இப்படி ஒன்று நடந்தது. தாலாட்டும் ஒப்பாரியும் கொழுந்து மலைப் பாட்டும் பாடிய நம் முன்னோரில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மடகொம்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்த ஸி. வி. வேலுப்பிள்ளை அப்பாடல்களைத் தேடித் தொகுத்தார். ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்னும் அந்த நூல் 1983இல் வெளிவந்தது. மறு ஆண்டே அவர் மறைந்தார். அவர் கேட்காமல் இருந்திருந்தால் எத்தனை பாடல்கள் பாடியவர்களோடு மண்ணுக்குள் போயிருக்கும்!

ஸ்பிரிங்வெளியில் நான் சந்திக்கும் மாதர் குழுவில் வயதான அம்மா ஒருவர் உண்டு. “எனக்கு என்னா தெரியும் புள்ள, நா கைநாட்டு” என்பார். ஒருநாள், இறந்துபோன தன் மகளை நினைத்து ஒப்பாரி சொன்னார். பிரசவ வலி வந்த இரவு, வராத வண்டி, மழை, வழுக்கும் பாதை எல்லாம் அதில் இருந்தன. யாரும் கற்றுக்கொடுத்த பாட்டு அல்ல, அவரே கட்டியது. கேட்ட இளம் பெண்கள் அழுதார்கள். பிறகு, அவசரத்துக்கு வண்டி கிடைக்க என்ன வழி என்று அவர்களே பேசத் தொடங்கினார்கள். துயரம் பாட்டானதும் அது ஒருவருடைய துயரமாக மட்டும் இருக்கவில்லை.

இதை நன்கு உணர்ந்தவர் மீனாட்சி அம்மாள். தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் துணைவியாரான அவர், தோட்டத்துக் கூட்டங்களில் மக்களுக்குப் பழக்கமான மெட்டுகளில் பாடினார். 1939இல் அரசாங்கத் திணைக்களங்களில் நாட்கூலிகளாக இருந்த இந்தியர்கள் வேலை இழந்தனர். மறு ஆண்டு, ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்ற பாட்டுப் புத்தகத்தை அவர் வெளியிட்டார். நம் வசத்தில் இல்லாதவை என்று ஒருவர் தனியே கைவிடுபவற்றுள் சில, பலர் சேர்ந்தால் வசப்படும். எபிக்டெட்டஸின் போதனையோடு நாம் சேர்த்துக்கொள்ள வேண்டிய பாடம் இது.

நம் பதுளைப் பக்கத்தவரான தெளிவத்தை ஜோசப்பையும் (1934–2022) நினைக்க வேண்டும். தோட்டத்து முகவரியைச் சொல்லவே நம் பிள்ளைகள் சிலர் கூச்சப்படுகிறார்கள். அவரோ தாம் பணிபுரிந்த தோட்டத்தின் பெயரையே தம் பெயரோடு சேர்த்துக்கொண்டு, லயத்து வாழ்வைக் கதைகளாக்கினார்.

ஆகவே சகோதரிகளே, பெரிதாக ஒன்றும் வேண்டாம். பிள்ளையின் பழைய கொப்பியில் நாலு வெற்றுத் தாள் இருந்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை பாட்டியின் பக்கத்தில் உட்காருங்கள். தாலாட்டோ ஒப்பாரியோ விடுகதையோ, அவர் சொல்லும் சொல்லிலேயே எழுதுங்கள், திருத்த வேண்டாம். பாடியவர் பெயர், தோட்டம், தேதி மூன்றையும் குறியுங்கள். பிறருக்குக் காட்டுமுன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். எழுதத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் மகளை எழுதச் சொல்லுங்கள். அவளுக்கும் அது ஒரு பாடம்தான்.